ஒன்று புள்ளி எட்டு

வின்னிபெக்கில் எனக்கு வேலை ஒன்றுமில்லை,
காத்திருப்பதைத் தவிர.
முப்பத்தேழாம் வாரம் பிறந்ததும்
குட்டி விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.
எங்கள் ஏரிக்கரையில் பிரசவம் பார்ப்பதில்லை.
அதிலும் எனக்குச் சர்க்கரை.

விடுதி அறையில் இரண்டு கட்டில்.
ஒன்றில் நான், டெல்மா.
மற்றதில் ஹட்சன் வளைகுடாப் பக்கத்து
இனுயிட் பெண், உலாயுக்.
அவளுக்கு இரட்டை, எனக்கு ஒற்றை,
வயிறு மட்டும் ஒரே அளவு.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
ஸ்கேன் எடுத்தவள் சிரிக்காததை
நான் அவளிடம் சொல்லவில்லை.

விடியலில் ஒருமுறை விரலில் குத்த வேண்டும்,
சாப்பிட்டபின் மூன்றுமுறை.
நோட்டில் எழுத வேண்டும்.
ஐந்து புள்ளி ஒன்று: சபாஷ்.
ஐந்து புள்ளி ஒன்பது: நேற்றிரவு என்ன தின்றாய்?
டயட்டீஷியன் கனிவாகத்தான் கேட்பாள்.
நகரத்தில் இருக்கிறேன், சரி,
அதற்கு முந்தைய மாதங்களுக்கு என்ன சொல்ல?
ஊர்க் கடையில் பால் விலையைக் கேட்டால்
பசி அடங்கிவிடும்.
கோலா மலிவு, மாவு மலிவு.
எலைஜா வலை போட்டால் மீன் உண்டு;
இந்த வருஷம் ஏரி பிந்தி உறைந்தது,
வலை கொட்டகையில் கிடந்தது.
இதையெல்லாம் எழுத
நோட்டில் கட்டம் இல்லை.

ஓர் இரவு உலாயுக்
அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தாள்.
அக்கா கொடுத்தனுப்பிய கரிபூ இறைச்சி,
கல்லாய் உறைந்தது.
அரைநிலாக் கத்தியால் சீவிச் சீவித் தந்தாள்.
விளக்குப் போடாமல் தின்றோம்,
வார்டன் வந்துவிடுவாள் என்று.
காலையில் நான்கு புள்ளி எட்டு.
டயட்டீஷியன் கைதட்டினாள்.
காரணம் கேட்கவில்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார்:
என் சர்க்கரை கொடிவழி போகும்,
என் இன்சுலின் போகாது.
பிள்ளை தனக்குத்தானே சுரந்துகொள்வான்,
நிறைய.
கதவில்லாத பந்தியில்
இரவும் பகலும் விருந்து அவனுக்கு.

பிறக்கும்போது தோள் சிக்கியது.
தலை வெளியே, மீதி உள்ளே.
யாரோ சத்தமாக நொடிகளை எண்ணினார்கள்,
முப்பது, நாற்பது,
இரண்டு பேர் என் முழங்கால்களை
நெஞ்சோடு மடக்கி அழுத்தினார்கள்.
எழுபதில் வந்தான்.
நான்கு கிலோ எழுநூறு.
"என்ன கொழுகொழு!" என்றாள்
தரை துடைக்க வந்தவள்.
வேறு யாரும் அதைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் கை நடுங்கியது.
குளிர் என்று நினைத்துப் போர்த்தினேன்.
குளிர் இல்லை.
கொடியை வெட்டியதும் பந்தி முடிந்துவிட்டது.
அது தெரியாமல் அவன் உடம்பு
இன்னும் சுரந்துகொண்டே இருந்தது.
குதிகாலில் குத்தினார்கள்.
ஒன்று புள்ளி எட்டு.

நர்ஸ் விரலில் குளுக்கோஸ் ஜெல் எடுத்து,
சேனை வைப்பதுபோல,
அவன் கன்னத்தின் உட்புறம் தடவினாள்.
மூன்று மாதமாய் எனக்கு விலக்கியது
அவன் வாய்க்கு முதல் ருசி.

சீம்பால் கரண்டியில் கால்வாசிகூட வரவில்லை.
பேருந்து பிடித்து, பனியில் வழுக்காமல் வந்து சேர்ந்த
உலாயுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள்,
நான் பிழிந்தேன், அவன் சப்பினான்.
பிறகு மறுபடி குதிகால்.
பிறகு மறுபடி.
என் விரல் நுனிகளில் பழைய புள்ளிகள்,
அவனுக்குப் புதியவை.

அவர்களிடம் தாள் இருந்தது.
ஆனாலும் நோட்டை எடுத்து
நானும் எழுதினேன், என் பத்தியிலேயே:
இரண்டு புள்ளி இரண்டு.
இரண்டு புள்ளி நான்கு.
மூன்று புள்ளி ஒன்று.
அதற்குமேல் தூங்கிப்போனேன்.

எலைஜா போனில் எடையைக் கேட்கவில்லை.
யார் சாயல் என்று கேட்டான்.
முகம் இன்னும் வீங்கியிருக்கிறது,
பார்த்தால்தான் தெரியும்,
குதிகால் மட்டும் உன்னுடையது என்றேன்.

கிளம்பும்போது ஒரு சீட்டுத் தந்தார்கள்.
ஆறு வாரத்தில் நான் மறுபடி
அந்த ஆரஞ்சுத் தண்ணீரைக் குடித்துவிட்டு
இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமாம்.
போயிருக்கும், பெரும்பாலும் போய்விடும்,
திரும்பியும் வரலாம்,
எனக்கு, ஒருநாள் அவனுக்கும்.
சீட்டை அவன் தொப்பிக்குள் மடித்து வைத்தேன்.

ஆறு வாரத்தில் ஏரிமேல் போட்ட பனிச்சாலை
கரைந்திருக்கும்.
விமானத்துக்கு யாரிடம் கேட்பது என்று
சீட்டின் பின்பக்கத்தையும் பார்த்தேன்.